குறுக்கே கிடந்த பிள்ளையும் கட்டண அட்டவணையும்

போன கிழமை இளம் வைத்தியர்களான உங்களில் ஒருவர், சேவைக்கு வந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகாதவர், என்னிடம் கேட்டார்: "மேடம், அரசாங்கம் புதுக் காப்புறுதித் திட்டம் ஒண்டு கொண்டு வரப்போகுதாம். செய்யிற வேலைக்கு ஏத்த மாதிரி டொக்டர்மாருக்குக் காசு வருமாம். வருமானம் கூடுமா?"

கூடும் என்று சொன்னேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது.

அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. வைத்தியருக்கும் வயிறு இருக்கிறது, வீட்டு வாடகை இருக்கிறது, பிள்ளைகளின் படிப்பு இருக்கிறது. வருமானம் கூடுமா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதே மூச்சில் இன்னொன்றையும் கேட்கவேண்டும். எந்த வேலைக்குக் கூடும், எந்த வேலைக்குக் கூடாது? இதைக் கேட்காமல் முதலாவதை மட்டும் கேட்கிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களில் சிலர் நல்லவர்கள் என்பதுதான் எனக்குக் கோபம்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியராக வேலை பார்த்தவள். இப்போது ஓய்வு பெற்று மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கிறேன். ஆட்களைத் தூங்கவைப்பது என் தொழில், விழித்திருக்கிறவர்களோடு சண்டை பிடிப்பது என் பொழுதுபோக்கு என்று என் கணவர் சொல்வார். அவர் சொல்வதில் பாதி சரி.

இது யுத்த காலத்தில், தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நடந்தது. மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கத்தில், எழுவான்கரையில், ஓர் அரச வைத்தியசாலையில் அப்போது வேலை செய்தேன். பெயர் வேண்டாம். வாவிக்கு இந்தப் பக்கம் இராணுவத்திடம் இருந்தது. அந்தப் பக்கம், படுவான்கரை, போராளி இயக்கத்திடம் இருந்தது. நடுவில் தண்ணீர். படுவான்கரைச் சனத்துக்கு வருத்தம் வந்தால் பாதையில் ஏறி எங்களிடம் வரவேண்டும். வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், எங்கள் ஊரில் பாதை என்றால் வீதி அல்ல. ஆட்களையும் மாட்டையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் பெரிய மிதவை. இறங்கியதும் சோதனைச்சாவடி. அங்கே எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது அன்று காவலுக்கு நின்றவரின் மனநிலையைப் பொறுத்தது.

எங்கள் வைத்தியசாலையில் மகப்பேற்று நிபுணர் ஒருவர்தான் இருந்தார். கிழக்குக்கு மாற்றல் என்றாலே கொழும்பில் ஆள்பிடித்து ரத்துச் செய்துகொண்ட காலத்தில் வந்து நின்ற மனிதர். மனைவியும் பிள்ளைகளும் கொழும்பில். அவருடைய விடுதி பிரசவ வாட்டுக்குப் பின்பக்கம் இருந்தது. விடுதியின் ஒரு ஜன்னலை அவர் மூடுவதே இல்லை. ஏதும் அவசரம் என்றால் எங்கள் மருத்துவமாது அன்னம்மா வாட்டுப் படியில் நின்று "சேர்!" என்று ஒரு குரல் கொடுப்பார். அவ்வளவுதான். மனிதர் இடுப்பில் கட்டிய சாரத்தோடு ஓடி வருவார். ஒருநாள் முகத்தில் சவரச் சவர்க்காரத்தோடு வந்து நின்றார். எங்கள் எல்லோருக்கும் மாதச் சம்பளம். ஒரு பிரசவம் பார்த்தாலும் அதுதான், ஒன்பது பார்த்தாலும் அதுதான். அந்தச் சம்பளத்தில் இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு, அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதுதான் அந்தச் சம்பளத்தின் மரியாதை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. குறைவு என்று முணுமுணுத்துக்கொண்டுதான் வாங்கினேன்.

பிறகு திட்டம் வந்தது. அரச ஊழியர்களுக்கான சுகாதாரக் காப்புறுதி. நல்ல எண்ணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆசிரியர், எழுதுவினைஞர், தபாற்காரர் என்று எல்லோருடைய சம்பளத்திலும் கொஞ்சம் கழிப்பார்கள். அவர்களோ குடும்பத்தினரோ தனியார் மருத்துவமனையில் படுத்தால் காப்புறுதி கட்டும். வைத்தியருக்கு எவ்வளவு கட்டுவது என்பதற்கு ஓர் அட்டவணை போட்டார்கள். சுகப்பிரசவத்துக்கு ஒரு தொகை. வயிற்றைக் கிழித்து எடுத்தால் அதைப்போல பல மடங்கு. நிபுணருக்குத் தனி, மயக்க மருந்துக்குத் தனி, சத்திரசிகிச்சைக் கூடத்துக்குத் தனி. அரச வைத்தியசாலையின் இலவசக் கட்டிலில் படுத்தால் வைத்தியருக்கு எதுவும் இல்லை.

இதை எழுதியவர்கள் கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருந்து எழுதியிருப்பார்கள். சுகப்பிரசவம் என்றால் என்ன? இரவு முழுக்கப் பொறுமையாகப் பக்கத்தில் நிற்பது. கத்தியை எடுக்காமல் இருக்கத் தெரிவது. அதற்குத்தான் கெட்டித்தனம் கூட வேண்டும். அவர்கள் பொறுமைக்குச் சில்லறையும் கத்திக்கு நோட்டும் வைத்தார்கள். எந்த வேலைக்கு எவ்வளவு என்று எழுதுகிறவன், எந்த வேலை பெருகும் என்பதையும் சேர்த்துத்தான் எழுதுகிறான். இது விளங்குவதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், சந்தையில் ஒருநாள் நின்றால் போதும்.

திட்டம் வந்து கொஞ்ச நாளில் எங்கள் சின்னப் பட்டினத்திலும் ஒரு தனியார் மருத்துவமனை முளைத்தது. நெல் ஆலை வைத்திருந்த ஒருவர் தொடங்கினார். என்னையும் கூப்பிட்டார். நான் போகவில்லை. நல்லவள் என்பதால் இல்லை. பேச வந்த அன்று அவர் என்னிடம், "டொக்டர், ஒரு நாளைக்கு எத்தின கேஸ் இறக்கலாம்?" என்று கேட்டார். லொறியிலிருந்து மூட்டை இறக்குகிறவர்கள் கேட்பது அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டாம் என்றுவிட்டேன். அவர் மட்டக்களப்பு நகரத்திலிருந்து மயக்க மருந்துக்கு இன்னொருவரைப் பிடித்தார்.

எங்கள் நிபுணர் போனார். நான்கு மணிக்குப் பிறகு தனியாகத் தொழில் செய்யலாம் என்பது சட்டம். இருட்டினால் வீதியில் தலை காட்ட முடியாது என்பது யுத்தம். இரண்டுக்கும் இடையில் கிடைக்கிற நேரத்தில் எத்தனை சத்திரசிகிச்சை செய்யலாம்? ஆகவே நான்கு மணி மெல்ல மெல்ல மூன்றாகி, இரண்டாகி, மத்தியானச் சாப்பாட்டைத் தொட்டது. பௌர்ணமிப் போயா நாள், சனி, ஞாயிறு எல்லாம் அங்கேயே போனது. விடுதி ஜன்னல் மூடிக் கிடந்தது. அன்னம்மா சிலநாள் பழக்கதோஷத்தில் படியில் நின்று கூப்பிட்டுவிட்டு, திரும்பி வந்து கையைக் கழுவுவார்.

கத்தி வந்தால் பின்னாலேயே பஞ்சாங்கம் வரும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் மெதடிஸ்ட் வீட்டில் பிறந்தவள். எங்கள் வீட்டில் நேரம் பார்ப்பது என்றால் பஸ்சுக்கு மட்டும்தான். பிள்ளை தானாகப் பிறக்கும்வரை அது பிறந்த நேரத்தைத்தான் சாத்திரியாரிடம் கொண்டுபோனார்கள். நாங்கள் நினைத்த நேரத்தில் எடுக்கலாம் என்றானதும், சாத்திரியார் குறித்த நேரத்தை எங்களிடம் கொண்டுவந்தார்கள். நெல் ஆலைக்காரர் விடுவாரா? நல்ல நேரத்தில் பிள்ளை எடுத்துத் தரப்படும் என்று வாய்வழியாகவே ஊரெல்லாம் பரப்பிவிட்டார். காப்புறுதி கட்டுகிறது, சாத்திரியார் குறிக்கிறார், நிபுணர் வெட்டுகிறார். எல்லோருக்கும் சந்தோசம்.

அன்று ஒரு போயா விடுமுறை. காலையில் பிரதான வீதியில் எங்கோ கண்ணிவெடி வெடித்து, மட்டக்களப்புக்குப் போகும் வழியை இராணுவம் மூடிவிட்டது; நகரத்துப் பெரிய வைத்தியசாலைக்கு யாரையும் அனுப்ப முடியாது. மத்தியானம் நெருங்கும்போது படுவான்கரையிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பெயர் யோகம்மா. முதல் நாளே நோவு கண்டிருந்தது. கணவர் சாமித்தம்பி, வயல்வட்டையில் கூலிக்கு வேலை செய்கிறவர், மாட்டு வண்டியில் ஏற்றித் துறைக்குக் கொண்டுவந்து, பாதை வரும்வரை காத்திருந்து, இந்தக் கரையில் இறங்கிச் சோதனைச்சாவடியில் மறுபடி காத்திருந்து எங்களிடம் வந்து சேர்ந்திருந்தார்.

பிள்ளை குறுக்கே கிடந்தது. ஒரு கை வெளியே வந்திருந்தது. அப்படிக் கிடக்கிற பிள்ளை தானாகப் பிறக்காது. வயிற்றைத் திறந்துதான் எடுக்கவேண்டும், அதுவும் உடனே. சுணங்கினால் பிள்ளை போகும், பிறகு கருப்பை கிழிந்து தாயும் போவாள். அட்டவணைக்காரர்கள் அத்தனை பணம் வைத்த அந்தச் சத்திரசிகிச்சை உலகத்தில் எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டதோ, அதற்கான ஆள் எங்கள் வாட்டுக் கட்டிலில் கிடந்தாள்.

அன்னம்மா மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார்.

"டொக்டர், சத்தம் கேக்குது. புள்ள உசிரோட இரிக்கி. சுறுக்கா ஏதும் செய்யணும்."

யோகம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னப் பாக்காதீங்க டொக்டரம்மா, புள்ளயப் பாருங்க. முந்தின புள்ள ஒண்டு நாங்க சண்டைக்குப் பயந்து காட்டுக்க ஓடக்குள்ள போயிட்டுது. இதையெண்டாலும் தந்திருங்க."

தருகிறேன் என்று சொன்னேன். ஏன் சொன்னேன்? சொல்லியிருக்கக்கூடாது. ஆனால் அந்த நேரம் எனக்குச் சந்தேகமே இல்லை. மயக்க மருந்துக்கு நான் இருக்கிறேன், கூடம் இருக்கிறது, இரத்தம் கொடுக்கச் சாமித்தம்பி நிற்கிறார். நிபுணர் நெல் ஆலைக்காரரின் மருத்துவமனையில், சைக்கிளில் போகிற தூரத்தில் இருக்கிறார். சிற்றூழியர் ஒருவரை உடனே சைக்கிளில் அனுப்பினேன். தொலைபேசிக் கம்பி எந்தக் காலத்திலோ அறுந்துபோயிருந்தது. போனவர் திரும்பி வந்து, "ஆயத்தப்படுத்தட்டாம், வாறாராம்" என்றார்.

ஆயத்தப்படுத்தினோம். சேலைன் ஏற்றினோம். கூடத்துக்குக் கொண்டுபோய் மேசையில் கிடத்தினோம். அவர் வரவில்லை. அன்னம்மா அடிக்கடி குழலை வைத்துக் கேட்டார். சத்தம் மெதுவாகிறது என்றார். வாசலை எட்டிப் பார்த்தால் வீதியில் நாய்கூட இல்லை.

பிள்ளைகளே, எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. மயக்க மருந்துக்காரர் நோயாளியின் தலைமாட்டை விட்டு நகரக்கூடாது. நான் மருந்து இன்னும் கொடுக்கவில்லை என்றாலும், அவளுக்கு எந்த நேரமும் எதுவும் ஆகலாம். விட்டுப் போகலாமா? வெட்டுவதற்கு ஆள் இல்லாத மேசையின் தலைமாட்டில் நான் நின்று என்ன கிழிக்கப் போகிறேன்? சட்டங்கள் எல்லோரும் தத்தம் இடத்தில் இருப்பார்கள் என்று நம்பி எழுதப்பட்டவை. ஒருவர் இடத்தில் இல்லாதபோது நீங்கள்தான் யோசிக்கவேண்டும். அன்னம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, சிற்றூழியரின் சைக்கிளைப் பறித்துக்கொண்டு சேலையோடு ஏறினேன். வழியில் இருந்த சோதனைச்சாவடியில் மறித்தார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கத்தினேன். பைத்தியம் என்று நினைத்தார்களோ என்னவோ, விட்டுவிட்டார்கள்.

தனியார் மருத்துவமனையில் திருவிழாக் கோலம். நடைவழியில் பட்டுச்சேலை கட்டிய பெண்கள், கையில் டொபி இனிப்புத் தட்டோடு ஒரு மாமி. நான் நினைத்துக்கொண்டு போனது நிபுணர் கூடத்தில் கத்தியோடு நிற்கிறார், நடுவில் விட்டுவிட்டு வர முடியாமல் தவிக்கிறார் என்று. அப்படியென்றால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. திறந்த வயிற்றை விட்டுவிட்டு எப்படி வருவது?

மனிதர் சத்திரசிகிச்சைக்கான பச்சை உடுப்போடு அலுவலக அறையில் கதிரையில் சாய்ந்திருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சேர், ஆள் அனுப்பினனே."

"வந்தவர். வாறன் எண்டு சொல்லி விட்டனே. இங்கயும் ஒரு நோயாளி இருக்கிறா டொக்டர். மேசையில ஏத்தியாச்சு. இதை முடிச்சிட்டு உடன வாறன்."

"இவவுக்கு என்ன வருத்தம்?"

அவர் கோப்பையைப் பார்த்தார். பதில் நெல் ஆலைக்காரரிடமிருந்து வந்தது. சுவரில் இருந்த மணிக்கூட்டைக் காட்டி, "இன்னும் கொஞ்சம்தான் இரிக்கி டொக்டர்" என்றார்.

"என்ன இருக்கு?"

"நேரம். சாத்திரியார் குறிச்ச நேரம். அதுக்கு முன்ன தொடங்கேலாதே."

எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. அவர் வேலையில் இருக்கவில்லை. காத்துக்கொண்டிருக்கிறார். ஒரு வருத்தமும் இல்லாத பெண்ணை மேசையில் ஏற்றிவிட்டு, மணிக்கூட்டு முள் நகரட்டும் என்று தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார். இவ்வளவு நேரமும் அவருடைய இரண்டு கைகளும் சும்மா இருந்திருக்கின்றன.

என் குரல் பெரியது. அன்று இன்னும் பெரிதாக இருந்திருக்கும். "அங்க ஒரு புள்ள குறுக்க கிடக்கு சேர்! கை வெளிய வந்து நீலம்பாரிச்சுக் கிடக்கு. நீங்க இங்க மணிக்கூட்டுக்குக் காவல் இருக்கிறீங்களா?"

"சத்தம் போடாதீங்க டொக்டர். நோயாளிக்குக் கேக்கும்."

கேட்டுவிட்டது. கூடத்துக் கதவைத் திறந்துகொண்டு அந்தப் பெண்ணே வெளியே வந்தாள். பச்சை அங்கியோடு, வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் ஆசிரியை, தலைப்பிள்ளைக்காரி. அவளுக்குப் பின்னால், வழி மூடுமுன்பே நகரத்திலிருந்து வந்துவிட்ட மயக்க மருந்துக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் ஊசியோடு நின்றார்.

"ஆருக்கு டொக்டர்? எந்த ஊர் ஆள்?" என்று என்னிடம் கேட்டாள்.

"அங்கால்கரை. பாதையில கொண்டு வந்தது."

அவள் நிபுணரைப் பார்த்தாள். "எனக்கு இன்னும் நோவே வரல்ல சேர். நான் நாளைக்கும் இப்பிடியே இருப்பன். நீங்க போங்க."

டொபித் தட்டு வைத்திருந்த மாமி பதறினார். "என்ன புள்ள கதைக்கிறாய்? நேரம் தப்பிப் போயிருமே!"

"தப்பினா இன்னொண்டு வரும் மாமி. பஞ்சாங்கத்தில பக்கமா இல்ல? அந்தப் புள்ளைக்கு ஆரு நேரம் பாக்கிற?"

நெல் ஆலைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நிபுணர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். அவருடைய காரில் ஏறினோம்.

சோதனைச்சாவடிக்கு வரும்போது இராணுவத் தொடரணி போய்க்கொண்டிருந்தது. வாகனங்களை ஓரம் கட்டி நிறுத்தியிருந்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாக லொறிகள், முடிவே தெரியவில்லை. நிபுணர் கதவைத் திறந்து இறங்கினார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தினார். அந்தப் பச்சை உடுப்போடு வீதி ஓரமாக நடக்கத் தொடங்கினார். ஓடினால் சுடுவார்கள் என்று தெரியும், ஆகவே ஓடாமல், ஓடுவதற்கு எவ்வளவு கிட்டப் போகலாமோ அவ்வளவு வேகமாக நடந்தார். நானும் கைகளை உயர்த்திக்கொண்டு பின்னால் போனேன். சாரத்தோடு ஓடி வந்த பழைய மனிதர் அந்த நடையில் இருந்தார். அதைப் பார்க்க எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. இந்த நடையை முதல் செய்தி வந்தபோதே நடந்திருக்கலாமே, ஐயா!

கூடத்துக்குள் நுழைந்தபோது அன்னம்மா குழலை வயிற்றில் வைத்துக்கொண்டு குனிந்தே நின்றார். நிமிரவில்லை. குழலை இடம் மாற்றி மாற்றி வைத்தார்.

நான் மருந்து கொடுத்தேன். அவர் திறந்தார். கருப்பை கிழியத் தொடங்கியிருந்தது. யோகம்மாவைக் காப்பாற்ற அவர் அன்று செய்த வேலையை இன்றைக்கும் மெச்சுவேன், அந்தக் கை அப்படிப்பட்ட கை. யோகம்மா பிழைத்தாள். பிள்ளை ஆண்பிள்ளை. நல்ல நிறை. அழவில்லை. அன்னம்மா துடைத்து, கவிழ்த்து, தட்டி, ஊதி, எல்லாம் செய்து பார்த்தார். பிறகு வெள்ளைத் துணியில் சுற்றினார்.

தையல் முடிந்து கையுறையைக் கழற்றும்போது நிபுணர் கேட்டார். "சத்தம் எப்ப நிண்டது?"

"நீங்க வாறதுக்குக் கொஞ்சம் முன்ன, சேர்" என்றார் அன்னம்மா.

அந்தச் சம்பவத்தோடு அவர் மனம் வருந்தி மாறிவிட்டார் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். மாறவில்லை. கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு வழமைபோலப் போனார். நான் நேரே போய்ச் சண்டை பிடித்தேன். "என்னை மட்டும் ஏன் பிடிக்கிறீங்க? எல்லாரும் ஓடிப்போன இடத்தில நான் நிக்கிறன். இந்தச் சம்பளத்தில கொழும்பில ரெண்டு பிள்ளையப் படிப்பிக்கேலுமா? அரசாங்கமே விலை போட்டுத் தருது, வாங்கினா மட்டும் பிழையா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. ஒரு நல்ல வைத்தியரை நின்ற இடத்திலிருந்து மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டுபோய், மணிக்கூட்டின் முன்னால் இருத்தித் தேநீர் கொடுத்த அட்டவணை அப்படியே இருந்தது. அது மாறாதபோது ஆள் ஏன் மாறப்போகிறார்?

அந்த ஆசிரியை பற்றியும் சொல்லவேண்டும். இரண்டொரு நாளில் தானாக நோவு வந்து, நெல் ஆலைக்காரரிடம் போகாமல் எங்கள் இலவச வாட்டுக்கு நடந்து வந்தாள். அன்னம்மாவின் கையில் சுகப்பிரசவம். பெண்பிள்ளை. பிறந்தது இராகுகாலமாம், மாமி தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். பிள்ளை வாட்டே அதிரக் கத்தியது. அந்தப் பிரசவத்துக்காகக் காப்புறுதி யாருக்கும் ஒரு சதமும் கட்டவில்லை.

பிறகொரு சமயம் திட்டத்தைப் பற்றி விளக்க ஓர் அதிகாரி வந்தார். கூட்டம் வைத்தார்கள். எங்கள் பகுதியில் சத்திரசிகிச்சைகள் கூடியிருக்கின்றனவாம், அதனால் மக்கள் நல்ல சேவை பெறுகிறார்கள் என்று தெரிகிறதாம். நான் எழுந்தேன். சத்திரசிகிச்சை கூடினால் சேவை கூடியது என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள் என்று கேட்டேன். தேவையில்லாத வயிற்றை வெட்டியதற்குக் கட்டினீர்கள், தேவைப்பட்ட வயிற்றைக் காக்கவைத்ததற்கு யாரிடம் தண்டம் அறவிடுவீர்கள் என்று கேட்டேன். அவர் கையிலிருந்த கடதாசிகளைப் புரட்டிவிட்டு, படுவான்கரைச் சனம் இந்தத் திட்டத்துக்குள் வரமாட்டார்கள், அவர்கள் அரச ஊழியர்கள் அல்லர் என்று பதில் சொன்னார். சொல்லிவிட்டுத் திருப்தியாக இருந்தார். நான் கதிரையில் அமர்ந்துவிட்டேன். அப்படிப்பட்டவரிடம் வேறு என்ன கதைப்பது?

நீங்கள் புதிய திட்டத்தைப் பற்றிக் கூட்டங்களுக்குப் போவீர்கள். போங்கள், பேசுங்கள், நல்ல சம்பளம் கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள், குறைந்த சம்பளத்தில் நிற்கிறவரைத்தான் இப்படி அட்டவணைகள் இலகுவாக வாங்கிவிடுகின்றன. ஆனால் உங்கள் முன்னால் கட்டணங்களை வைத்தால், அதில் எது இல்லை என்று முதலில் பாருங்கள். காத்திருப்பதற்கு, கூப்பிட்ட குரலுக்கு வருவதற்கு, கத்தியை எடுக்காமல் விடுவதற்கு அதில் இடம் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த வேலைகள் உங்கள் வைத்தியசாலையிலிருந்து போய்விடும். உங்களை நல்லவர் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும்போதே போய்விடும்.

அந்தக் கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அந்த அதிகாரியிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

யோகம்மாவை வீட்டுக்கு அனுப்பிய அன்று சாமித்தம்பி என்னைத் தேடி வந்தார். வாட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். யோகம்மா அவருக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கிழமை வாட்டில் மற்றவர்கள் பேசியதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது.

"டொக்டரம்மா, கோவிக்கப்படா. ஒண்டு கேக்கணும்."

"கேளுங்க."

"இப்ப இஞ்சால ஒப்பரேசனுக்கு டொக்டர்மாருக்குக் காசு குடுக்கிறதாம். எங்களுக்கு அங்கால ஆரும் சொல்லல்ல. ஆசுபத்திரியெண்டா சும்மாதான் பாப்பாங்க எண்டு நினைச்சிட்டு வெறுங்கையோட வந்திட்டன். தெரிஞ்சிருந்தா எரும ரெண்டையும் வித்துப்போட்டு வந்திருப்பனே. என்ட பிழதான் டொக்டரம்மா. புள்ளயக் காசில்லாம கொண்டு வந்திட்டன்."

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னிப்புக் கேட்பதுபோலக் கேட்டார். எனக்கு அந்த இடத்திலேயே எதையாவது எடுத்து உடைக்கவேண்டும் போல இருந்தது. "இல்ல, உங்கட பிழை இல்ல. இங்க ஆரும் காசு கேக்கிறது இல்ல. உங்ககிட்டக் காசு இருந்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டம்" என்று சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன்.

செருப்பைப் போடக் குனிந்தவர் நிமிர்ந்தார்.

"காசு கேக்கிறல்ல எண்டா, பெரிய டொக்டர் ஏன் அம்மா சுணங்கின?"

வாயைத் திறந்தேன். காப்புறுதி, அட்டவணை, சாத்திரியார், மணிக்கூடு. எதைச் சொல்வது? எதைச் சொன்னாலும் அவர் முதலில் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும்.

யோகம்மாதான் அவருடைய கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க போவம்" என்றாள். "பாத போயிரும்."